பரீட்சைப் பயத்துக்கு ஆலோசனை: முதல் நாள் உள்ளே என்ன நடக்கும்?

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ பரீட்சைப் பயத்துக்காக ஆலோசகரைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை எதிர்பார்த்துப் போகிறார்கள். உள்ளே இருப்பவர் நாலு நல்ல வார்த்தை சொல்லித் தைரியம் கொடுத்து அனுப்புவார் என்பது ஒன்று. கண்ணை மூடச் சொல்லி ஏதோ செய்வார், வெளியே வரும்போது பயம் போயிருக்கும் என்பது இன்னொன்று. இரண்டுமே நடக்காது. பயம் எந்த இடத்தில், எந்த நிமிடத்தில் வந்து பிடிக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் முதல் அமர்வு. மேட்டூரைத் திறந்த மறுநாளே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடாது என்று நமக்குத் தெரியும். இதிலும் அந்தப் பொறுமை வேண்டும். ஆனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. சரியாகத் தயாராகிப் போனால், வீட்டில் செய்வதற்கு ஒரு சின்னப் பயிற்சியை அன்றைக்கே வாங்கிக்கொண்டு வரலாம்.

எப்போது போவது

பிளஸ் டூ பிள்ளைக்கு என்றால் செப்டம்பரில் காலாண்டு முடிந்த கையோடு போவது நல்லது. டிசம்பர் அரையாண்டு முடிந்து என்றாலும் பரவாயில்லை. நம் பக்கத்தில் நடப்பதோ வேறு. சம்பா அறுப்பு, பொங்கல் எல்லாம் கழிந்து, திருப்புதல் தேர்வு மார்க் கைக்கு வந்த பிறகுதான் வீட்டில் பேச்சே எழுகிறது. பிப்ரவரி கடைசியில் ஓடிவருகிறார்கள். அப்போதும் உதவி செய்ய முடியும். ஆனால் வேரைப் பார்க்க நேரம் இருக்காது. ஹாலுக்குள் சமாளிக்கும் வழியை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கும்.

யாரிடம் போவது

செலவில்லாத வழி அரசு மருத்துவமனை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் வேறு அரசு மருத்துவமனைகளிலும் குறிப்பிட்ட நாட்களில் பார்ப்பார்கள். எந்த நாள் என்று ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் பல அம்மாக்கள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் அங்கே வரிசையில் நிற்பவர்களுக்கும் அதே கவலைதான்.

தனியாரிடம் போவதாக இருந்தால் முதலில் போனில் பேசுங்கள். என்ன படித்திருக்கிறார், மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா, பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் பார்த்த பழக்கம் உண்டா, ஒரு அமர்வுக்கு எவ்வளவு பணம், எவ்வளவு நேரம் என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள். "ஒரே சிட்டிங்கில் சரியாக்கிவிடுவேன்", "மார்க்குக்கு நான் கியாரண்டி" என்பவரிடம் கட்டாயம் போகாதீர்கள். பரீட்சைக் காலத்தில் இப்படிப்பட்ட நோட்டீஸ்கள் பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் முளைக்கும்.

கையில் என்ன எடுத்துப் போவது

எல்லோரும் மார்க் ஷீட்டை எடுத்து வருகிறார்கள். அதில் தெரிவது கொஞ்சம்தான். திருத்திய விடைத்தாளைக் கொண்டுபோங்கள். அதுவும் கேவலமாகப் போனது என்று நீங்கள் நினைக்கிற தாள். எழுத்து எந்தப் பக்கத்தில் கோணலாகிறது, எங்கே அடித்தல் திருத்தல் கூடுகிறது, தெரிந்த கணக்கை எந்த வரியில் விட்டிருக்கிறது என்பதெல்லாம் தாளிலேயே இருக்கும். நீட், டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்கள் மாதிரித் தேர்வின் கேள்வித்தாளையும், எதை எதற்குப் பிறகு செய்தோம் என்ற குறிப்பையும் கொண்டுபோகலாம். சாப்பிடும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதன் அட்டை. கடைசி ஒரு வாரம் எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தது என்று ஒரு துண்டுச் சீட்டு. இவ்வளவு போதும்.

முகூர்த்த நாளில் நேரம் வாங்காதீர்கள். அன்றைக்குக் கும்பகோணம் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, இறங்கி ஓடி, மூச்சிரைக்க உட்காரும் பிள்ளையின் படபடப்பில் எது பயம், எது பஸ் என்று யாராலும் பிரிக்க முடியாது.

முதல் பத்து நிமிடம்

பெயர், வகுப்பு, வீட்டில் யார் யார், உடம்புக்கு ஏதாவது உண்டா என்று ஒரு படிவம். சில இடங்களில் ஒரு கேள்வித்தாளும் கொடுப்பார்கள். ஸ்பீல்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-இல் கொண்டுவந்த அளவுகோல் இதில் பரவலாகப் பயன்படுவது. மொத்தம் 20 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் "அநேகமாக ஒருபோதும் இல்லை" என்பதிலிருந்து "அநேகமாக எப்போதும்" வரை நான்கு விடைகள். கூட்டினால் 20-க்கும் 80-க்கும் நடுவே ஒரு எண் வரும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி அடுத்த வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிடுகிற பெற்றோரும் இருக்கிறார்கள்! அது ஒரு தொடக்கப் புள்ளி. ஆறு வாரம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பும்போதுதான் அதற்குப் பயன்.

அடுத்து ரகசியம் பற்றிப் பேச்சு வரும். உள்ளே சொல்வது அப்பா அம்மாவுக்குப் போகாது என்று ஆலோசகர் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதற்கு இரண்டு விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் வீட்டில் சொல்லியாக வேண்டும். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்திருப்பது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். இதை முன்கூட்டியே சொல்கிற ஆலோசகரை நம்பலாம்.

அப்புறம் பெற்றோரை வெளியே உட்காரச் சொல்வார்கள். "நான் இருந்தாதான் அவ பேசுவா" என்று அம்மா சொல்வார். அம்மா வெளியே போய்க் கதவு மூடியதும்தான் பிள்ளை பேசத் தொடங்கும்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

அமர்வின் நடுப்பகுதி முழுக்க இந்த ஒரே கேள்விதான். பயம் பற்றிப் பொதுவாகப் பேச விடமாட்டார்கள். ஒரு குறிப்பிட்ட பரீட்சையை எடுத்து, காலையில் எழுந்ததிலிருந்து நிமிடம் நிமிடமாகச் சொல்லச் சொல்வார்கள். வலங்கைமான் பக்கத்து மாணவி ஒருத்தி, இயற்பியல் மாதிரித் தேர்வு என்று வைத்துக்கொள்வோம்.

"பேப்பரப் பாத்ததும் எல்லாம் மறந்து போச்சு மேடம்."

"பாத்ததுமேவா? முதல் கேள்வி எழுதினியா?"

"எழுதினேன். ஒரு மார்க் எல்லாம் முடிச்சிட்டேன்."

"ரெண்டு மார்க்?"

"அதுவும் பாதி எழுதினேன்."

"அப்ப மறக்கலையே. எதுக்கு அப்புறம் மறந்துச்சு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாக வருகிறது: "முன்னாடி பெஞ்ச்ல ஒருத்தி எழுந்து, சார் பேப்பர்னு கேட்டா. நான் அப்ப மூணாவது பக்கத்துலதான் இருந்தேன். அதுக்கப்புறம் கேள்வியப் படிச்சா மண்டையில ஏறவே இல்ல."

"உடம்புல என்ன பண்ணுச்சு?"

"கை வேர்த்து பேனா வழுக்குச்சு. வயித்தக் கலக்குச்சு. அப்பா ஞாபகம் வந்துச்சு."

ஆலோசகருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. "எல்லாம் மறந்து போச்சு" என்று வந்த பிள்ளைக்கு எல்லாம் மறக்கவில்லை. அடுத்தவள் கூடுதல் தாள் வாங்கிய அந்த ஒரு நொடியில்தான் அறுந்திருக்கிறது. ஒருவருக்கு அது கேள்வித்தாள் கையில் வரும் நொடி. இன்னொருவருக்குக் கடைசி அரை மணிக்கு மணி அடிக்கும் நொடி. சிலருக்கு முதல்நாள் ராத்திரி பத்து மணி. இடம் தெரிந்தால்தான் என்ன செய்வது என்று யோசிக்க முடியும்.

அப்பா ஞாபகம் வந்தது என்பதையும் குறித்துக்கொள்வார்கள். பரீட்சைப் பயத்தில் மனதில் ஓடும் கவலை ஒன்று, உடம்பின் படபடப்பு ஒன்று என்று லீபர்ட், மோரிஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1967-இலேயே பிரித்துக் காட்டினார்கள். மார்க்கை அதிகம் குறைப்பது கவலைதான் என்று பிறகு வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. காரணம் எளிது. ஒரே சமயத்தில் மனதில் வைத்துக் கையாளக்கூடியது கொஞ்சம்தான். அதில் பாதியை "ஃபெயிலாயிட்டா அப்பா மூஞ்சில எப்படி முழிப்பேன்" என்பது பிடித்துக்கொண்டால், கணக்கு போட மீதி இடம் போதாது. பிள்ளையோ வேர்க்கிற கையைத்தான் எதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

படிப்பா, பயமா?

இந்த இடத்தில் கொஞ்சம் கசப்பான சோதனை ஒன்று வரும். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "நல்லாத் தெரியும்னு சொன்னியே, அந்தப் பாடத்துல ஞாபகம் இருக்கறத எழுது" என்பார்கள். மேற்பார்வையாளர் இல்லை, மணி இல்லை, ஃபேன் ஓடுகிறது. இங்கேயும் நாலு வரிக்கு மேல் வரவில்லை என்றால், பயத்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. நோட்ஸைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மூடி வைத்து எழுதிப் பார்த்தவர்கள்தான் ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல் மருந்து படிக்கும் முறையை மாற்றுவது. இதைச் சொல்லாமல் மூச்சுப் பயிற்சி மட்டும் கொடுத்து அனுப்புகிறவர் உங்கள் பணத்தை வீணாக்குகிறார்.

கும்பகோணத்துக்காரர்கள் இந்த இடத்தில் ராமானுஜனை இழுத்து வருவார்கள். "அவரே எஃப்.ஏ.வுல ஃபெயிலானவருதானே!" (எஃப்.ஏ. என்பது அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வு.) 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தவறி, அந்த உதவித்தொகையை அவர் இழந்தது உண்மைதான். ஆனால் அவருக்குப் பரீட்சைப் பயம் கிடையாது. மற்றப் பாடங்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தக் கதையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மூச்சும் கையும்

அடுத்த பதினைந்து நிமிடத்தில் ஏதாவது ஒரு உத்தியைச் செய்து பார்ப்பார்கள். எளிமையானது மூச்சு. மனதுக்குள் நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவது. அப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவைப் பிடித்தபடி, பெஞ்சில் உட்காரும் அதே வாக்கில் பழக வேண்டும். பாயில் படுத்துக்கொண்டு பழகியது ஹாலில் கைகொடுக்காது. இதையும் பயம் வந்த பிறகு முதல்முறையாகச் செய்து பார்த்தால் ஒன்றும் ஆகாது. தினமும் இரண்டு வேளை, பயம் இல்லாத நேரத்தில் செய்து கைப்பழக்கமாக்க வேண்டும்.

மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி ஒத்துவரும். ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சுமார் நூறு வருடம் முன்னே வகுத்த முறை இது. இடது கையை முஷ்டியாக ஐந்து விநாடி இறுக்கி, சட்டென்று விடுவது. காலை செருப்புக்குள் அழுத்தி விடுவது. மேசைக்குக் கீழே நடப்பதால் யாருக்கும் தெரியாது. எது ஒத்துவருகிறது என்று ஆலோசகரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஒன்றும் பிடிக்கவில்லை என்றாலும் சொல்லலாம்.

ஏணி

பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திக்க வைக்கும் முறையை 1958-இல் ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் எழுதி வைத்தார். முதல் அமர்வில் அதற்கான படிகளை மட்டும் பட்டியல் போடுவார்கள். பிள்ளையே சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை எவ்வளவு பயம் என்று எண்ணும் போட வேண்டும். வலங்கைமான் மாணவியின் ஏணி இப்படி இருக்கலாம்: வீட்டில் பழைய கேள்வித்தாளை எடுத்துப் புரட்டுவது, 15. கடிகாரம் வைத்து இருபது நிமிடம் எழுதுவது, 30. கிளை நூலகத்தில் ஆட்கள் நடமாட்டத்துக்கு நடுவே எழுதுவது, 45. தோழி பக்கத்தில் உட்கார்ந்து வேகமாகப் பக்கம் புரட்ட, தான் எழுதுவது, 70. அந்தத் தோழி எழுந்து "சார், பேப்பர்" என்று சத்தமாகக் கேட்பது, 90. கடைசிப் படியைச் சொல்லும்போது பெரும்பாலும் சிரிப்பு வந்துவிடும். ஆனால் செய்து பார்க்க வேண்டியது அதைத்தான், நாலைந்து வாரம் கழித்து.

எந்தப் பரீட்சை என்பதைப் பொறுத்து

பிளஸ் டூ பொதுத்தேர்வில் முதல் பத்து நிமிடம் கேள்வித்தாளைப் படிக்க மட்டும். அடுத்த ஐந்து நிமிடம் விவரம் சரிபார்க்க. இந்தப் பத்து நிமிடத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் தெரியாத கேள்வியை வெறித்துப் பார்ப்பதிலேயே கழிக்கிறார்கள். தெரிந்த கேள்விகளை மட்டும் தேடிக் கண்ணால் தொட்டுக்கொண்டு போகச் சொல்லிப் பழக்குவார்கள்.

நீட்டில் சிக்கல் வேறு. மதியம் 2 மணிப் பரீட்சைக்கு 1.30-க்குக் கதவை மூடிவிடுவார்கள். மே மாத வெயிலில் சோதனை வரிசை, பிறகு உள்ளே நெடுநேரக் காத்திருப்பு. 180 கேள்வி, 180 நிமிடம், தப்புக்கு ஒரு மார்க் போகும். இவர்களுக்குக் காத்திருக்கும் நேரத்தில் என்ன செய்வது என்பதே பாதிப் பயிற்சி. டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறவர்களுக்கு ஒரு வசதி: 'விடை தெரியவில்லை' என்பதற்கே தனி வட்டம் இருக்கிறது. தெரியாத கேள்வியோடு மல்லுக்கட்டி நிற்கும் பழக்கம் உள்ளவர்களை, எத்தனை விநாடியில் அதை விட்டு நகர்வது என்று முன்பே முடிவு செய்ய வைப்பார்கள்.

அப்பா அம்மா உள்ளே வரும்போது

கடைசிப் பத்து நிமிடம் பெற்றோருக்கு. இங்கேதான் டெல்டா வீடுகளின் உண்மையான பாரம் வெளியே வரும். கோச்சிங்குக்குக் கட்ட நகை அடகில் இருக்கிறது. ஒரு மா நிலத்தை ஒத்திக்கு விட்டிருக்கிறார்கள். அப்பா சாப்பிடும்போது ஒருமுறை சொல்லியிருப்பார்: "நான்தான் சேத்துல கெடக்கறேன், நீயாவது கரையேறிடும்மா." அவர் பாசத்தில் சொன்னது. பிள்ளைக்கு அது ஒவ்வொரு கேள்வித்தாளின் மேலும் அச்சடித்த மாதிரி தெரிகிறது.

நல்ல ஆலோசகர் அப்பாவைக் குற்றவாளியாக்க மாட்டார். என்ன சொல்லலாம், எதை நிறுத்தலாம் என்று மட்டும் பேசுவார். "பயப்படாத" என்று சொல்வதை நிறுத்துங்கள். சொன்னால் போகிற பயம் என்றால் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம். பரீட்சை முடிந்து வந்ததும் கேள்வித்தாளை வாங்கி "இது என்ன எழுதின?" என்று விசாரிக்காதீர்கள். மாமா, சித்தப்பா போன்களை நீங்களே எடுத்துப் பேசி வையுங்கள். கடன் பற்றிப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். "அது எங்க பொறுப்பு, நாங்க பாத்துக்கறோம்" என்று ஒரே ஒரு முறை, நேருக்கு நேர் சொல்லிவிடுங்கள்.

பூந்தோட்டம் பக்கம் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் பேனா வைத்துக் கும்பிட்டு வரலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஆனால் புதுப் பேனாவை வைத்துக் கும்பிட்டு நேரே ஹாலுக்கு எடுத்துப் போகாதீர்கள். பத்து நாளாவது எழுதிப் பழகிய பேனாவை வையுங்கள். காபியும் அப்படித்தான். தினமும் காலையில் டிகிரி காபி குடிக்கிற பிள்ளை பரீட்சையன்று திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரலாம். தெம்புக்கென்று இரண்டு டம்ளர் கூடுதலாகக் குடித்தால் கை நடுங்கும். வழக்கம்போலக் குடித்தால் போதும்.

மாத்திரை, டாக்டர்

படபடப்புக்கு ப்ரொப்ரனலால் என்ற மாத்திரையைச் சீனியர் யாரோ கொடுத்ததாகச் சில மாணவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் அதைத் தொடக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தில் கொண்டுபோய் விடும். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூடப் படபடப்பு தரும் என்பதால், ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்து அனுப்பினாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

பரீட்சையே இல்லாத நாளிலும் நெஞ்சை அடைப்பது, வாரக்கணக்கில் தூக்கமில்லாதது, சாப்பாடு இறங்காதது, "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்ற பேச்சு, இவை இருந்தால் ஆலோசகரே மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அமர்வுக்குத் தேதி வரும் வரை காத்திருக்க முடியாத நிலை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்று மாலை பிள்ளை சோர்ந்து போயிருக்கும். அடக்கி வைத்ததைப் பேசியதால் அழுகைகூட வரலாம். படிக்கச் சொல்லி உட்கார வைக்காதீர்கள். "உள்ள என்ன கேட்டாங்க?" என்று துருவவும் வேண்டாம்.

வீட்டுப் பாடமாக ஒரு சின்ன நோட்டு கொடுத்திருப்பார்கள். படபடப்பு வந்த நேரம், அப்போது மனதில் ஓடிய வார்த்தை, நூறுக்கு எவ்வளவு என்று மூன்று கட்டம். வாரத்தில் ஒருநாள், ஏதாவது டெஸ்ட் எழுதப் போகும் முன், மனதில் இருக்கும் கவலையையெல்லாம் பத்து நிமிடம் ஒரு தாளில் கொட்டிவிட்டுக் கிழித்துப் போடச் சொல்லியிருக்கலாம். ரமிரெஸ், பைலாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பரீட்சைக்குச் சற்று முன் இப்படி எழுதிய பதற்றக்கார மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் எழுத்துப் பிழை, கையெழுத்து எதுவும் பொருட்டில்லை.

அடுத்த அமர்வைப் பத்துப் பதினைந்து நாளுக்குள், நடுவில் ஒரு டெஸ்டாவது வருகிற மாதிரி வாங்கிக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு முதல்நாள் வேண்டாம். நோட்டில் மூன்று வரிதான் இருக்கிறது என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். அந்த மூன்று வரியையும் அந்த டெஸ்டின் விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.